கனடாவின் ஸ்காபரோவில் நகம் செய்யும் வேலை: சம்பளமா, மேசை வாடகையா?

அக்காமார், ஒரு யோசனை சொல்லுங்கோ. இப்போது ஒரு சலூனில் மணித்தியாலச் சம்பளத்துக்கு நகம் செய்கிறேன். இன்னொரு இடத்தில் மேசையைக் கிழமை வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். நேரமும் விலையும் என் கையில் என்பது இழுக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஜெல், அக்ரிலிக் தூள், யூவி விளக்கு, டிரில் முனை எல்லாம் என் காசு. ஆள் வராத ஜனவரியிலும் வாடகை நிற்காது. சொந்தத் தொழில் என்றால் சிபிபியில் (கனடா ஓய்வூதியத் திட்டம்) முதலாளியின் பங்கையும் நானே கட்டவேண்டும். வேலை குறைந்தால் வழமையான இஐ (வேலையிழப்புக் காப்புறுதி) காசும் இல்லை. வரவு 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி விற்பனை வரி வேறு!

மாறியவர்கள் சொல்லுங்கோ, கிழமைக்கு எத்தனை நிரந்தர வாடிக்கையாளர் இருந்தால் சமாளிக்கலாம்? இப்போதைய சலூனில், அங்கே வருபவர்களைப் புது இடத்துக்குக் கூப்பிடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது செல்லுமா?