மருந்து நிறுவனத்துடன் ஆய்வு ஒப்பந்தம்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களை எதிர்க்கும் மூலக்கூறுகளைத் தேடிவருகிறோம். ஒரு மருந்து நிறுவனம் கூட்டாய்வுக்கு முன்வந்திருக்கிறது. நிதியோடு, எங்களிடம் இல்லாத நச்சுத்தன்மைச் சோதனை வசதியும் கிடைக்கும். ஆனால் வரைவு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உறுத்துகிறது: நிறுவனம் எழுத்துமூலம் இசைவு தரும்வரை எந்த முடிவையும் வெளியிடக் கூடாதாம். காலவரம்பே இல்லை.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கட்டுரை வந்துவிட்டால், ஐரோப்பாவில் புதுமைத் தகுதி போய், காப்புரிமை கிடைக்காது என்பது தெரியும். அதற்காக 60 நாளோ 90 நாளோ பொறுப்பது நியாயம். முடிவில்லாமல் காத்திருப்பது எப்படி? என் முனைவர் பட்ட மாணவி இந்தத் தரவுகளை நம்பித்தான் ஆய்வேடு எழுதுகிறார். அவர் பட்டம் தள்ளிப்போவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

இத்தகைய கூட்டுறவையே நான் எதிர்க்கவில்லை. 1922இல் டொராண்டோ பல்கலைக்கழகமும் எலி லில்லி நிறுவனமும் கைகோத்ததால்தான் இன்சுலினைப் பெருமளவில் தயாரிக்க வழி பிறந்தது.

ஆய்வேட்டுக்கு மட்டுமாவது விலக்குப் பெற்றவர்கள் இருக்கிறீர்களா? அந்தப் பிரிவை எந்தச் சொற்களில் எழுதினீர்கள்? நாங்கள் முன்பே உருவாக்கிய மூலக்கூறுகளைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தில் இணைத்தால் அவற்றின் உரிமை எங்களிடமே நிற்குமா? இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது: நிறுவனம் பாதியில் திட்டத்தைக் கைவிட்டால், மூலக்கூறு அலமாரியில் முடங்காமல் எங்களிடம் திரும்பிவர என்ன நிபந்தனை சேர்க்க வேண்டும்?

அடுத்த வாரம் பேச்சுவார்த்தை. நிறுவனத் தரப்பில் பணியாற்றியவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.