காசும் இல்லை, பெயரும் இல்லை: கதை எழுதி நாலு பேருக்குக் காட்டுவது எதற்கு?

பாலக்கோட்டான்:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வேறு பிழைப்பு வைத்துக்கொண்டு ஓரமாகக் கதை எழுதுகிற நாமெல்லாம் எதற்காக எழுதுகிறோம்? எழுதுவதுகூடச் சரி, அதை எதற்கு நாலு பேருக்குக் காட்டுகிறோம்?

நான் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். ஏலம் முடிந்து வண்டிகள் கிளம்பின பிறகு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும், அப்போது போனிலேயே தட்டுவேன். பெரும்பாலும் மண்டியில் பார்க்கிற ஆட்கள்தான் கதையில் வருவார்கள். வாட்ஸப் குழுவிலும் ஒரு கதை ஆப்பிலும் போடுகிறேன். படிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காசு கிடையாது. புத்தகம் போடுகிற எண்ணமும் இல்லை, போட்டால் நம் கைக்காசுதான் போகும் என்று தெரியும்.

போன வாரம் மச்சான் கேட்டார், "இதுல உனக்கு என்ன மாப்ள கெடைக்குது?" எழுதினால் மனசுக்கு நல்லா இருக்கு என்றேன். "அப்போ எழுதி பீரோவுல வச்சுக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மனசுக்கு நல்லா இருப்பது எழுதி முடிக்கும்போதே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் போட்டுவிட்டு, யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று போனைத் திறந்து திறந்து பார்க்கிறேனே, அது என்ன கணக்கு? பாராட்டுக்கு அலைகிறேனா? உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம்.

தொப்பூர் வளைவு:

அலைகிறோம்தான் அண்ணா, அதில் என்ன தப்பு? ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதின ஒரு கட்டுரையில், ஒருவன் எழுதுவதற்கு நாலு காரணம் சொல்கிறார். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க வேண்டும், செத்த பிறகும் நம்மைப் பற்றிப் பேச வேண்டும் என்கிற தன்முனைப்பு, சொல்லின் அழகு மேல் இருக்கிற ஆசை, நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிற ஆசை, அப்புறம் அரசியல். இதில் அவர் முதலில் வைத்தது தன்முனைப்பைத்தான். அவ்வளவு பெரிய ஆளே ஒத்துக்கொண்ட பிறகு நாம் மட்டும் "ஆத்ம திருப்தி" என்று எதற்குச் சமாளிக்க வேண்டும்?

ஆனால் அது மட்டும்தான் என்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன். ஓசூரில் ஷிஃப்ட் வேலை, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் கண்ணே திறக்காது. தொப்பூர் கணவாயை வைத்து ஒரு பேய்த் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். தருமபுரிக்காரர்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சேலம் போகிற பக்கம் எத்தனை லாரி கவிழ்ந்திருக்கிறது. வழக்கம் போல ஒரு வெள்ளைப் புடவைப் பேயை வளைவில் நிறுத்தியிருந்தேன். அந்தப் பகுதிக்குக் கீழே ஒரு லாரி டிரைவர் எழுதினார்: "தம்பி, அங்க பேயெல்லாம் ஒண்ணும் இல்ல. டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டு இறக்குறான், பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போகுது, முன்னால போற வண்டியில கொண்டுபோய் விடுறான். இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு டீசல்தான்னு ஓனர் கணக்குப் போட்டுக் குடுத்தா அவன்தான் என்ன பண்ணுவான்?"

படித்துவிட்டு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. அடுத்த பகுதியில் வெள்ளைப் புடவைக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். இப்போது என் பேய் ஒரு டிரைவர். கையில் டீசல் கணக்கு நோட்டோடு, நின்ற வண்டியில் எல்லாம் ஏறி உட்கார்ந்து மீதி எவ்வளவு என்று கேட்கிறார். பீரோவில் வைத்திருந்தால் இது எங்கிருந்து வந்திருக்கும்? உங்கள் மச்சானிடம் கேளுங்கள்.

பழைய வாத்தியார்:

தம்பி பாலக்கோட்டான், ஓய்வு பெற்ற ஆசிரியன், பாப்பாரப்பட்டிப் பக்கம். இது போன் வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. தொழில்முறைக் கூத்துக் குழு ஒரு பக்கம் இருக்க, ஊர்க்காரர்களே வேஷம் கட்டுகிற நாடகமும் உண்டு. பகலில் ஏர் ஓட்டினவர், டீ ஆற்றினவர் எல்லாம் வாத்தியார் வைத்துப் பாட்டும் அடவும் பழகி மேடை ஏறுவார்கள். பாதி ஆட்டத்தில் யாராவது ஒருவர் ஏறி, துரியோதனன் மார்பில் பத்து ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு இறங்குவார். உடனே ஆட்டம் நிற்கும். மைக்கில் கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர் எல்லாம் வாசித்த பிறகுதான் துரியோதனனுக்கு மறுபடி கோபம் வரும்.

அந்தப் பத்து ரூபாய்க்காகவா அந்த மனிதர் விடிய விடிய அரிதாரத்தோடு நின்றார்? இல்லை. ஆனால் ஒருவர்கூட ஏறி நோட்டுக் குத்தாமல் இருந்திருந்தால் அடுத்த வருடம் வேஷம் கட்ட வந்திருப்பாரா? அதுவும் சந்தேகம்தான். நீங்கள் போனைத் திறந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

என் விஷயம் வேறு. நம் பக்கத்து மண் கதைகளில் வருவது குறைவு. வந்தாலும் ஒகேனக்கல் என்றால் பரிசல், தருமபுரி என்றால் வறட்சி, அதோடு முடிந்தது. வயல் ஓரத்தில் நிற்கிற நடுகல்லுக்கு மஞ்சள் பூசி வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறோம். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்களிடமிருந்து அவற்றை மீட்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு நட்ட கல்லாக இருக்கும் அது. கல்வெட்டு இருந்தால் பெயர் தெரியும், மாவட்ட அகழ்வைப்பகத்தில் அப்படிச் சில கற்களைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கையில் வில்லோடு ஒரு உருவம் மட்டும்தான். அவன் வீட்டில் அன்றைக்கு யார் அழுதார்கள் என்பதைக் கல்லில் எழுதவில்லை, அதைத்தான் நான் எழுதிப் பார்க்கிறேன். என் பழைய மாணவர்கள் பலர் பெங்களூரில் கட்டட வேலை. அவர்களுக்கு அனுப்புவேன். அதில் ஒருவன், "சார், எங்க ஊர்க் கல்லும் இப்படித்தானா?" என்று கேட்டுப் படம் எடுத்து அனுப்பினான். எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுப்பிரமணிய சிவா எங்கள் ஊரில்தான் 1925 ஜூலை 23இல் காலமானார். சிறையில் வந்த தொழுநோயோடு வெளியே வந்து, 1913இல் ஞானபானு என்று பத்திரிகை நடத்தினவர். அவரை நம்மோடு சேர்த்துப் பேசவில்லை, தகாது. ஆனால் இதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள்.

மாங்கொட்டை:

வாத்தியார் சார் சொன்னது நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த மேடையில் பெண்கள் யாரும் இல்லை. பாஞ்சாலி வேஷமும் ஆண்தான் கட்டுவார்.

நான் காவேரிப்பட்டணம். மாங்கொட்டை என்பது புனைபெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நான் எழுதுவது யாருக்கும் தெரியாது, போனில் ஏதோ சீரியல் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். அதனால் "பெயருக்காக" என்பது எனக்குப் பொருந்தாது, என் பெயரே அங்கே இல்லையே.

குடும்பக் கதைதான் எழுதுகிறேன். மாமியார், நாத்தனார், புளி சீசன், மாங்கூழ் பேக்டரி. இலக்கியம் படிக்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஒரு அத்தியாயத்தில், புளி கொட்டை எடுத்த கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தைக் கேழ்வரகு டின்னுக்குள் ஒளித்து வைக்கிறாள் என்று எழுதியிருந்தேன். கதைக்கு அது முக்கியமே இல்லை, போகிற போக்கில் வந்த வரி. கீழே வந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் அரிசி டின் என்கிறார், ஒருவர் பழைய பட்டுப்புடவை மடிப்பு, ஒருவர் சாமி படத்துக்குப் பின்னால், ஒருவர் "எங்க வீட்டுக்காரரு கை வைக்காத ஒரே எடம் தொடப்பம் வைக்கிற மூலைதான் அக்கா" என்று எழுதினார். அதற்கு மேல் ஒரு பாட்டி, தன் மருமகளைத் தட்டச் சொல்லி, சுருக்குப்பை காலத்துக் கதையை முழுசாகச் சொன்னார். அவ்வளவு பேரும் அதை முதல் தடவையாக வாய் விட்டுச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றியது. கதையில் வருகிற பெண்ணைப் பற்றித்தானே பேசுகிறோம், நம்மைப் பற்றி இல்லையே, அந்தத் தைரியம்.

நான் எதற்குப் பகிர்கிறேன் என்றால் இதற்குத்தான். பீரோ என்று சொன்னார்களே, என் வீட்டு பீரோவுக்குச் சாவி என்னிடம் இல்லை அண்ணா.

கெலமங்கலம்:

எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள், ஒரு எச்சரிக்கை மட்டும். உளவியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். தெரசா அமபிலி என்பவர் 1985இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. எழுதும் பழக்கம் உள்ள 72 பேரை முதலில் ஒரு குட்டிக் கவிதை எழுதச் சொன்னார். அப்புறம் ஒரு பிரிவுக்கு, பணம், பெயர், பிறர் மெச்சுவது மாதிரியான காரணங்களைக் கொடுத்து, எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். இன்னொரு பிரிவுக்கு, எழுதுவதில் இருக்கிற இன்பம் சார்ந்த காரணங்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. மறுபடி எல்லாரும் ஒரு கவிதை. கவிஞர்களிடம் கொடுத்து மதிப்பிட்டபோது, பணம், பெயரை நினைத்தவர்களின் இரண்டாவது கவிதை மட்டும் தரத்தில் வெகுவாக இறங்கியிருந்தது. சில நிமிடம் அதை நினைத்ததற்கே இவ்வளவு.

தினமும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமேசானின் மின்புத்தகத் தளமான கிண்டிலில் 2016 கடைசியிலிருந்து தமிழ் இருக்கிறது. சந்தாவில் படிப்பவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்பதை வைத்துப் பணம் வரும். தப்பில்லை, உழைப்புக்கு வருகிற காசு. ஆனால் பக்கத்துக்குக் காசு என்றால் பக்கம் நீளத்தான் செய்யும். அறுபது பக்கக் கதையை இருநூறு பக்கத்துக்கு இழுத்தவர்களை எனக்கே தெரியும்.

தொப்பூர் வளைவு:

சார், அது நாலு வரிக் கவிதை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து நாற்பதாவது அத்தியாயம் எழுத உட்கார்கிறவனுக்கு "அடுத்த பகுதி எப்போ?" என்று ஒரு ஆள் கேட்காவிட்டால் இன்பமாவது ஒன்றாவது, படுத்துத் தூங்கிவிடுவான். தரம் இறங்குகிறது என்கிறீர்கள், சரி. எழுதவே இல்லை என்றால் இறங்குவதற்கு என்ன இருக்கிறது?

கெலமங்கலம்:

ஒத்துக்கொள்கிறேன். தொடர்ந்து எழுத வைப்பதும் நன்றாக எழுத வைப்பதும் ஒன்றே இல்லை, அந்த ஆய்வு இரண்டாவதைத்தான் பார்த்தது. அதிலும், எழுதும் இன்பத்தை நினைவுபடுத்தினதால் கவிதை ஒன்றும் ஒசத்தியாகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சும்மா ஒருத்தன்:

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். முக்கால்வாசிப் பாராட்டு மொய். நான் உனக்கு "அருமை தோழி" போட்டேன், நீ எனக்கு "செம சகோ" போட வேண்டும், போடாவிட்டால் அடுத்த முறை நானும் போடமாட்டேன். படிக்கிறதே கிடையாது. ஒரு தடவை பாதிக் கதையை மட்டும் போட்டேன், முடிவே இல்லாமல். "முடிவு சூப்பர்" என்று வந்தது. இதற்காகவா எழுதுகிறீர்கள்?

மாங்கொட்டை:

அதற்காக இல்லை என்றுதானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். "அருமை"யும் வரும், தொடப்பம் மூலையும் வரும். முதலாவதை விட்டுத் தள்ளுங்கள். அது சரி, நீங்கள் முடிவே இல்லாத கதையைப் போட்டுப் பார்த்தீர்களே, யாராவது ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று ஆசைப்பட்டுத்தானே?

சும்மா ஒருத்தன்:

மாட்டிக்கொண்டேன். ஆமாம்.

பாலக்கோட்டான்:

எல்லாருக்கும் நன்றி. லாரி டிரைவர் விஷயமும் தொடப்பம் மூலையும் மனதில் நின்றுவிட்டன. யோசித்துப் பார்த்தால், நான் போனைத் திறந்து பார்ப்பது எத்தனை பேர் என்று எண்ண இல்லை. மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் குழுவில் இருக்கிறார், அவரை மாதிரி ஒரு ஆளைத்தான் இப்போது எழுதுகிறேன். அவர் படித்தாரா, படித்துவிட்டு "இப்படி இல்லப்பா" என்பாரா என்றுதான் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நேரில் பார்த்தால் சிரிக்கிறார், அது எந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை. கெலமங்கலம் சார் சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன், கதை எழுதும்போது போனில் டேட்டாவை அணைத்து வைக்கலாம் என்று இருக்கிறேன்.

தொப்பூர் வளைவு:

அவரையே நேராகக் கேட்டுவிடுங்கள் அண்ணா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து. அப்புறம் எனக்கு ஒரு உதவி. அடுத்த பகுதியில் தக்காளி லாரி ஒன்று வருகிறது, அதற்கு முன்னால் ஒரு ஏல சீன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். சரியாக இருக்குமா?

பாலக்கோட்டான்:

தக்காளிக்கு அப்படி இல்லை தம்பி, வெளிப்படையாக வாயால்தான் ஏலம், கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். துண்டு போட்டு விரல் பிடிப்பது மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்வது. சீனை அப்படியே அனுப்புங்கள், நாளைக்கு ஏலம் முடிந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.