திரையில் வட்டத் திருகு வைப்பது தப்பா? சித்தப்பா திணறுகிறார்

கோத்தகிரிக்காரன்:
பஜனைக்குத் துணையாக ஒரு சின்ன செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். சுருதி, தாளம், வேகம், அவ்வளவுதான். முதல் பரிசோதனை என் சித்தப்பாவிடம். தேயிலை ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர், மார்கழி பஜனையில் டோலக் வாசிப்பவர். வேகத்துக்கு அழகாக ஒரு வட்டத் திருகு வரைந்திருந்தேன். விரலை மேலே இழுத்தால் கூடும், கீழே இழுத்தால் குறையும். அவரோ கேஸ் அடுப்பைத் திருகுவது போல விரலைச் சுற்றினார். இடது பக்கம் மேலே போகும்போது வேகம் நிமிடத்துக்கு 70 தட்டில் இருந்து 110 வரை ஏறியது, வலது பக்கம் இறங்கும்போது திரும்ப 70. "இது என்னடா, போன வழியே திரும்பி வருது?" என்றார். சுருதிக்கும் அதே மாதிரி திருகுதான். என்ன செய்யலாம்?

மவுஸ்பிடித்தகை:
தப்பு சித்தப்பா மேல் இல்லை. 1970 இல் வந்த மினிமூக் மாதிரியான சிந்தசைசர்களின் (மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் இசைக்கருவிகள்) முகப்பில் நிஜத் திருகுகள் இருந்தன. மென்பொருள்காரர்கள் அந்தப் படத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார்கள். மவுஸால் வட்டம் போடுவது கஷ்டம், அதனால் நேராக இழுக்க வைத்தார்கள். நமக்குப் பழகிவிட்டது, புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்? போனில் இன்னொரு தொல்லை, விரலே திருகை மறைத்துவிடும். எண்ணை விரலுக்கு மேலே பெரிதாகக் காட்டுங்கள்.

சுருதிக்குத் திருகே வேண்டாம். ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஒரு ச முதல் அடுத்த ச வரை, இருப்பது 12 நிலைதானே. "அஞ்சு கட்டை" என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியக் கட்டைதான். அதையே வரிசையாக வரைந்துவிடுங்கள், அரைக்கட்டைகள் கறுப்பில். நுணுக்கமாகச் சேர்க்க மட்டும் தனியாக ஒரு சின்ன நழுவுபட்டை (விரலால் பக்கவாட்டில் தள்ளும் ஸ்லைடர்).

கொடைக்கானல்_கஞ்சிரா:
தாளத்தில் எங்கே தட்டு விழ வேண்டும் என்று குறிக்கத் திரையில் 16 பெட்டி வைத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள் அண்ணா. 1980 இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தில் 16 பொத்தான், இன்றுவரை எல்லாரும் அதையே பிடித்துத் தொங்குகிறார்கள். மூன்றும் நாலுமாக ஏழு எண்ணிக்கை வரும் மிஸ்ர சாபு தாளம் போட உட்கார்ந்தால் கடைசி இரண்டு பெட்டி வம்பு செய்யும். எண்ணிக்கைக்கு இரண்டாக 14 பெட்டி கொடுங்கள், ஆறாவதுக்குப் பிறகு தடித்த கோடு. தகிட, தகதிமி என்று கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் நம் ஊர்க் குளிர்! கம்பளிக் கையுறையோடு தொட்டால் திரை அசையாது, விரலின் மின்னூட்டம் கம்பளியைத் தாண்டி எட்டுவதில்லை. நிறுத்து, தொடங்கு இரண்டையும் ஒலி கூட்டும் பக்கப் பொத்தானிலும் வையுங்கள். விடியற்காலை பஜனை என்றால் இது கட்டாயம்.

கோத்தகிரிக்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. கட்டை வரிசையைப் பார்த்ததும் சித்தப்பா கேட்காமலே ஐந்தைத் தொட்டுவிட்டார். 14 பெட்டியும் சரி. பக்கப் பொத்தானை இன்று ராத்திரி எழுதுகிறேன்.

வேகத்தில்தான் இன்னும் சண்டை. திருகை எடுத்துவிட்டு எண் வைத்தேன், "எண்பதுன்னா எவ்வளவுடா?" என்கிறார். மேஜையில் தட்டிக் காட்டி, "இந்த வேகம், இதைப் பிடிச்சுக்கச் சொல்லு" என்றார். தட்டினால் வேகம் பிடிக்கும் பொத்தான் எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கடைசி நாலு தட்டின் சராசரி போதுமா, எட்டு வேண்டுமா? அவர் நடுவில் டீ குடிக்க நிறுத்துகிறார், அந்த இடைவெளியும் கணக்கில் சேர்ந்து வேகம் 20 க்கு விழுந்துவிடுகிறது.