விஸ்பி மதிலுக்கு வெளியே

சுவீடனின் கோட்லாண்ட் தீவுக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் ரோஜாக்களையும் கடற்கரையையும்தான் சொல்வார்கள். எனக்கு மனதில் நிற்பது அங்கே உள்ள விஸ்பி நகரத்தின் மதில்தான்.

ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே நைனாஸ்ஹாம்னில் கப்பல் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல். 40 கோடி வருஷங்களுக்கும் முன்னால் வெப்பக் கடலடியில் பவளப்பாறையாக இருந்த இடம். விஸ்பியின் மதிலும் அந்தக் கல்லில் கட்டியதுதான்.

மதிலின் நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர். கடல் பக்கமிருந்து வருகிற எதிரிக்காக என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உயரமான கோபுரங்கள் வரிசையாக நிற்பது நிலத்துப் பக்கம், சொந்தத் தீவின் கிராமங்களைப் பார்த்து! ஹன்சா என்ற வட ஐரோப்பிய வணிகர் கூட்டணியின் வியாபாரத்தில் செழித்த நகரத்தாருக்கும் கிராமத்து விவசாயிகளுக்கும் 1288-ல் போரே நடந்திருக்கிறது.

அப்புறம் 1361 ஜூலை 27. டென்மார்க் மன்னர் வால்டமார் படையோடு வந்தார். விவசாயிகள் மதிலுக்கு வெளியே நின்று சண்டை போட்டார்கள். நகரத்தார் வாசலைத் திறக்கவில்லை. சுமார் 1,800 பேர் செத்தார்கள் என்கிறார்கள். இரண்டே நாளில் நகரம் சரணடைந்தது, பெரிய சேதமில்லாமல்.

கோட்லாண்ட் அருங்காட்சியகத்தில் அந்தப் போரில் செத்தவர்களின் புதைகுழிகளில் கிடைத்த மண்டை ஓடு ஒன்று இருக்கிறது. இரும்பு வளையங்கள் கோத்த தலைக்கவசம் துருவேறி எலும்போடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. கோடை வெயிலில் உடல்கள் அழுகத் தொடங்கியதால் கவசத்தைக் கூடக் கழற்றாமல் புதைத்துவிட்டார்களாம். கால் எலும்புகளில் வெட்டுக்காயங்கள். கிழவர்களும் சிறுவர்களும் அதில் உண்டு என்று படித்தபோது என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை.

அதே கட்டடத்தில்தான் 1999-ல் ஸ்பில்லிங்ஸ் பண்ணையில் கிடைத்த 67 கிலோ வெள்ளிப் புதையலும் இருக்கிறது. 14,000-க்கும் மேற்பட்ட காசுகள், பெரும்பாலும் அரபு நாடுகளின் காசுகள். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் முண்டுகிறார்கள். சரி, பாருங்கள், ஆனால் மண்டை ஓட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

போர் நடந்த இடத்தில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. தெற்கு வாசலிலிருந்து நடந்தே போகலாம். கோட்லாண்டுக்காரர்கள் விஸ்பியின் வாசல் முன்னே டேனியர் கையால் விழுந்தார்கள், இங்கே புதைந்திருக்கிறார்கள், அவர்களுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று லத்தீனில் எழுதியிருக்கிறது.

வடக்கே ஃபோரோ தீவின் கல் தூண்களுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். ஃபோரோசுண்டிலிருந்து படகு இலவசம்.