வாடகை வீட்டு கேபினெட்டில் அடித்த சாயம் உரிகிறது, என்ன செய்யலாம்?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். சமையலறை கேபினெட் பழைய வெள்ளை, சமையல் புகை படிந்து படிந்து மஞ்சளாகிவிட்டது. மாற்றுவதற்கு அது நம் வீடும் இல்லை, கையில் பணமும் இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "அடித்துக்கொள்ளுங்கள், போகும்போது ஒழுங்காக இருந்தால் சரி" என்றார். சுவருக்கு வாங்கியதில் மீந்த இளம்பச்சை எமல்ஷன் அரை டின் இருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கீழ்க் கதவுகள் 6க்கும் 2 கோட் அடித்தேன்.

முதல் வாரம் அவ்வளவு அழகாக இருந்தது. 3ஆவது வாரம் கைப்பிடியைச் சுற்றிக் கழன்றது. நேற்று மிளகாய்த்தூள் டப்பாவை எடுக்கும்போது வளையல் உரசி, உள்ளங்கை அகலத்துக்குப் பால் ஏடு மாதிரி மொத்தமாக வந்துவிட்டது. அடியில் பழைய வெள்ளை அப்படியே பளபளக்கிறது. மேலேயே இன்னொரு கோட் அடித்தால் நிற்குமா? சிங்க் அடிக் கதவின் ஓரம் வேறு உப்பியிருக்கிறது. 2 மாத டெபாசிட் வீட்டுக்காரரிடம் இருப்பதால் பயமாக இருக்கிறது. 150 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். தீபாவளிக்கு மாமியார் வீட்டார் வருகிறார்கள், இன்னும் 6 வாரம்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
சாயம் வேண்டாம் என்றால் ஒட்டும் ஸ்டிக்கர் தாள் இருக்கிறது. ஆனால் அடுப்புப் பக்கம் ஒட்டாதே அம்மா. என் வீட்டில் சூட்டில் ஓரம் சுருண்டு, அந்தப் பசையில் எண்ணெய் அப்பி, சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆனது.

பட்டர்வொர்த் பெயிண்டர்:
தங்கச்சி, இன்னொரு கோட் வேண்டாம். உரிகிற சாயத்தின் மேல் அடித்தால் இரண்டும் சேர்ந்து உரியும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பான மெலமைன் தாள் ஒட்டிய பலகை. எமல்ஷன் சுவருக்கு ஆனது, சிமெண்டின் நுண்துளைகளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மெலமைனில் இறங்க இடமே இல்லை. போதாததற்கு நாம் தினமும் தாளிக்கிறவர்கள். எண்ணெய்ப் புகை அடுப்பை ஒட்டிய கதவுகளில் படியும், சமைக்கும் கை படுவதால் கைப்பிடியைச் சுற்றியும் பிசுக்கு ஏறும். உங்களுக்கு அங்கேதான் முதலில் கழன்றது, பாருங்கள். ஈரத்துணிக்கு அது போகாது.

கதவுகளைக் கழற்றுங்கள். எது எந்த இடம் என்று உள்பக்கம் டேப் ஒட்டி எண் போடுங்கள். வெந்நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் போர்த்திவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் பச்சையை எடுங்கள். இரும்புக் கத்தி வேண்டாம், கீறிவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு 2 தடவை தேய்த்து, வெறும் தண்ணீரால் துடையுங்கள். காய்ந்ததும் வெள்ளை டிஷ்யூவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள்தான் என்னைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம் 180 எண் உப்புத்தாள், அதன் பின் 240. பளபளப்பு மங்கினால் போதும், மெலமைன் கிழிந்து பலகை தெரியக் கூடாது. தூசியைத் துடைத்துவிட்டு, லேமினேட்டுக்கும் (இந்த மெலமைனும் அந்த வகைதான்) டைலுக்கும் ஆகும் என்று டின்னிலேயே போட்டிருக்கும் பிரைமர், அதாவது அடிச்சாயம், ஒரு கோட். முதலில் ஒரே ஒரு கதவுக்கு அடித்து, மறுநாள் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். சாயம் டேப்போடு வராவிட்டால் மற்றவற்றைத் தொடலாம். மேல் சாயம் தண்ணீர் கலக்கும் எனாமல், சின்ன ஃபோம் ரோலரில் மெல்லிசாக 2 கோட். கோலாலம்பூரில் இப்போது சாயங்காலம் மழை கொட்டுகிறதே, காலையிலேயே அடித்துவிடுங்கள். ஈரக் காற்றில் காய நேரமாகும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் முழுசாக இறுக 2, 3 வாரம் ஆகும், அதுவரை அழுத்தித் துடைக்க வேண்டாம். அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

எண்ணெய்ச் சாயமும் தின்னரும்தான் வாங்குவீர்கள் என்றால், அடுப்பை அணைத்து, கேஸ் தோம்பை வெளியே வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

உப்பிய கதவு வேறு கதை. தூள் பலகை தண்ணீர் குடித்துவிட்டால் பழைய நிலைக்கு வராது, சாயம் அதை மறைக்காது. சிங்க் அடியில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து, படம் எடுத்து, இன்றே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். சாயம் அடிக்க அவர் சம்மதித்ததையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை டெபாசிட் நாளில் நிற்காது.

செந்தூல்வாசி:
ரொம்ப நன்றி அண்ணே. கதவின் உள்பக்கமும் அடிக்கணுமா?

பட்டர்வொர்த் பெயிண்டர்:
வேண்டாம். சாயமும் மிச்சம், பழைய நிறம் என்ன என்று காட்டவும் ஓர் இடம் இருக்கும்.

செந்தூல்வாசி (12 நாள் கழித்து):
சிங்க் அடியில் குழாய் மூட்டு ஒழுகியிருக்கிறது. வீட்டுக்காரர் ஆள் அனுப்பிச் சரிசெய்தார், அந்தக் கதவையும் தானே மாற்றித் தருவதாக வாட்சப்பில் எழுதியிருக்கிறார். அடுப்பை ஒட்டிய கதவில் டிஷ்யூ 3ஆவது கழுவலுக்குத்தான் வெள்ளையாக வந்தது. டேப் சோதனையில் ஒரு பொட்டுகூட வரவில்லை. பிரைமர், எனாமல், ரோலர், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 118 வெள்ளி. 5 கதவுகளையும் மாட்டிவிட்டேன், அதே இளம்பச்சைதான். இரண்டு வாரத்துக்கு யாரும் துணியோடு கிட்டே போகக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.