சிறுகுடல் பையில் ஓட்டை: உடனே அறுவை சிகிச்சையா, மருந்தோடு பொறுத்திருப்பதா?

கேள்வி – தண்டையார்பேட்டை வாசகி

72 வயதாகும் என் தந்தைக்குத் தொப்புளின் இடப்பக்கம் வலி வந்தபோது, தெருமுனைக் கிளினிக்கில் வாயுத்தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காய்ச்சலும் சேர்ந்ததால் பக்கத்திலுள்ள தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சி.டி. ஸ்கேனில், சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனத்தில் பல டைவர்டிகுலங்கள் (குடல் சுவரிலிருந்து பிதுங்கிய பைகள்) இருப்பதாகவும், அவற்றில் ஒன்று ஓட்டையாகிப் பக்கத்துக் கொழுப்பில் காற்றுக் குமிழிகள் தங்கியிருப்பதாகவும் வந்திருக்கிறது. வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் குளுக்கோஸும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றுகிறார்கள். குடலில் ஓட்டை என்றால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டாமா? சித்தப்பா இன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – பொது அறுவை மருத்துவர், பெரம்பூர்

அம்மா, எக்ஸ்ரேயைக் குறை சொல்வதற்கில்லை. ஜெஜுனத்துப் பைகள் பெரும்பாலும் வயதான பிறகு உண்டாகுபவை. இரத்தக் குழாய்கள் குடல் சுவருக்குள் நுழையும் இடம் பலவீனமாக இருப்பதால், உட்படலம் தசையின் இடுக்கு வழியாக வெளியே பிதுங்கி, குடலைத் தாங்கும் மடிப்பான மெசென்டரிக்குள் புதைந்து நிற்கிறது. அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் காற்று அந்த மடிப்புக்குள்ளேயே அடைபட்டுவிடுவதால், இரைப்பைப் புண் ஓட்டையானால் உதரவிதானத்தின் கீழே தெரியும் காற்று இதில் பல நேரம் தெரிவதில்லை. அதனால்தான் முதியவருக்கு விடாத வயிற்றுவலி என்றால் எக்ஸ்ரேயோடு நிற்காமல் சி.டி. எடுத்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். நம் ஊரில் சிறுகுடல் ஓட்டை என்றதும் டைஃபாய்டும் காசநோயும்தான் முதலில் நினைவுக்கு வரும். அவை பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்குபவை.

நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சீராக இருந்து, வயிறு இறுகாமல், கசிவு ஓரிடத்தில் அடங்கியிருந்தால் மருந்தோடு பொறுத்திருப்பது முறையான சிகிச்சைதான். சீழ் கட்டினால் ஸ்கேன் பார்த்தபடியே குழாய் செலுத்தி வடிக்கவும் முடியும். ஆனால் ஒரே மருத்துவர் பல முறை வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாடி ஏறினாலோ, வயிறு பலகையாக இறுகினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் தணியாவிட்டாலோ, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. முதியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் வயிறு இறுகாமலேயே நிலைமை மோசமாகலாம் என்பதால் நான் நாடியைத்தான் அதிகம் நம்புவேன். இரவிலும் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கே உண்டா என்று கேளுங்கள்; இல்லையென்றால் அவர் நிலை சீராக இருக்கும்போதே மாற்றுவது நல்லது.

பதில் – காசிமேடு வாசகர்

என் தாயாருக்கு இதே நோய் வந்தபோது மருந்தில் அடங்கவில்லை. வயிற்றைத் திறந்துதான் சரிசெய்தார்கள். வெட்டி எடுத்த குடல் துண்டைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள்: மெசென்டரி ஓரமாகத் திராட்சை அளவில் பைகள் வரிசையாக இருந்தன, ஒன்றின் சுவரைத் துளைத்துக்கொண்டு மீன் முள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் மீன் உண்ணும் வீடு எங்களுடையது. முள் விழுங்கிய நினைவே அவருக்கு இல்லை. ஓட்டையை மட்டும் ஏன் தைக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, அழற்சியில் ஊறிய சுவரில் தையல் பிடிக்காமல் மீண்டும் கசியும் என்பதால் அந்தப் பகுதியை நீக்கி நல்ல குடலோடு நல்ல குடலை இணைத்ததாகச் சொன்னார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. காய்ச்சல் இறங்கியிருக்கிறது, நாடியும் குறைந்திருக்கிறது. இரவிலும் அறுவைக் குழு இங்கே உண்டு என்று உறுதி சொன்னார்கள். மற்றப் பைகளையும் எடுத்துவிட வேண்டுமா? இது மெக்கல் டைவர்டிகுலம்தானா?

பதில் – பொது அறுவை மருத்துவர், பெரம்பூர்

இல்லை. மெக்கல் பிறவியிலேயே வருவது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில், மெசென்டரிக்கு எதிர்ப்பக்கம், பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக இருக்கும். தொல்லை தராத ஜெஜுனப் பைகளை எடுப்பதில்லை; எல்லாவற்றையும் எடுக்கப்போனால் குடலின் நீளம் குறைந்து சத்து உறிஞ்சப்படாமல் போகும். ஆனால் அந்தப் பைகளில் பாக்டீரியா பெருகி வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால், வீடு திரும்பிய பிறகு இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி மீண்டும் வந்தால், இந்த சி.டி. அறிக்கையைக் கையோடு கொண்டுபோய் முதலில் பார்க்கும் மருத்துவரிடமே காட்டுங்கள்.