ஆறு பாட்டில் கிட்: உள்ளே இருப்பது ஒயினா, சர்க்கரைத் தண்ணியா?

டெமிஜான் தாசன் (லண்டன்):
இங்க நம்மாளுங்க ரெண்டு பேர் திராட்சை வாங்கிப் பிழிஞ்சு ஒயின் போடறேன்னு கிளம்பியிருக்காங்க. வேண்டாம்ங்கிறேன். முதல் தடவைன்னா ஆறு பாட்டில் கிட் போதும். சுண்டவெச்ச திராட்சைச் சாறு, ஈஸ்ட், புளிச்சு நுரைக்கிறதை நிறுத்தற பொடி, தெளிய வைக்கிற பொட்டலம் எல்லாம் அளந்து பெட்டிக்குள்ளயே இருக்கும். 4.5 லிட்டர் டெமிஜான் (கழுத்து குறுகின பெரிய சாடி), ஒரு ஏர்லாக் (உள்ள காத்து போகாம, வாயுவை மட்டும் குமிழியா வெளிய விடற மூடி), ஒரு ட்யூப் இருந்தா சமையலறை மூலையிலயே வேலை முடிஞ்சுடும். சூப்பர்மார்க்கெட் திராட்சை திங்கறதுக்குன்னு வளர்த்தது. தோல் மெல்லிசு, புளிப்புச் சுவை கம்மி. ஒயின் திராட்சைச் சாறுல நூத்துக்கு 22, 24 பங்கு சர்க்கரை இருக்கும். இதுல 16, 18 தேறினா அதிகம். ஆறேழு கிலோ பிழிஞ்சாத்தான் ஒரு டெமிஜான் நிறையும். ஊர்ல பாட்டி பரணியில (பீங்கான் ஜாடியில) போட்ட கதையை மட்டும் யாரும் ஆரம்பிக்காதீங்க.

பன்னீர்திராட்சை (ரெடிங்):
நான் நாகர்கோவில்காரி, ஆரம்பிக்காம விடுவேனா? ஆனா அதுக்கு முன்னாடி உங்க பெட்டியைத் திருப்பிப் பாருங்கண்ணே. நான் வாங்கின ஆறு பாட்டில் கிட்ல 650 கிராம் சீனி நாமளே போடணும்னு அச்சடிச்சிருந்தது. லிட்டருக்கு 17 கிராம் சீனி புளிச்சா ஒரு சதவீதம் ஆல்கஹால். 4.5 லிட்டருக்கு ஒரு சதவீதம் ஏத்த 76 கிராம் போல வேணும். 650-ஐ அதால வகுத்தா எட்டரை. பெட்டியில போட்டிருக்கிற 12 சதவீதத்துல எட்டரை நான் மளிகைக் கடையில வாங்கின சீனி தந்தது. திராட்சையோட பங்கு மூணரைதான். இதுக்கு மேல ‘கபர்னே சோவின்யோன்’னு பிரெஞ்சு ஒயின் திராட்சை பேர்ல லேபிள் வேற.

டெமிஜான் தாசன்:
சர்க்கரை போடறது பாவமா? பிரான்ஸ்லயே போடறாங்க. நெப்போலியனோட உள்துறை அமைச்சரா இருந்த ஷப்தால் ஒரு வேதியியல் அறிஞர். சாறுல சர்க்கரை சேர்க்கச் சொல்லிப் பரப்பினவர் அவர்தான், அந்த முறைக்கே அவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க. பிரான்ஸ்ல பர்கண்டி வட்டாரத்து ஒயின்காரன் செஞ்சா கலை, நான் செஞ்சா மோசடியா? அப்புறம், உங்க பாட்டி சீனி போடாமலா போட்டாங்க?

பன்னீர்திராட்சை:
எங்க ஆச்சி பழத்துக்குச் சமமா சீனி போடுவா. கூடவே கொஞ்சம் கோதுமை, கிராம்பு, பட்டை. ஆனா பழம் தோலோட பரணிக்குள்ள கிடந்து ஊறும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோல்ல இருந்து வரும். சீனி முழுசும் புளிக்காது, மிச்சம் இனிப்பா நிக்கும். கிறிஸ்மஸ் கேக்கோட ஒரு சின்ன கிளாஸ், அவ்வளவுதான். அதைப் பிரெஞ்சு ஒயின்னு அவ யார்கிட்டயும் சொல்லல. உங்க ஷப்தால் கணக்குக்கும் வர்றேன். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சர்க்கரையால ஏத்த விடறது வட்டாரத்தைப் பொறுத்து வழக்கமா ஒன்றரைல இருந்து மூணு சதவீதம். கிட் ஏத்தறது எட்டரை. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

ஸ்காபரோ சித்தப்பா (கனடா):
நீங்கள் இரண்டு பேரும் சீனியிலேயே நிக்கிறியள். என்ர பிரச்சினை வேற. ஆறு போத்தல் கிட்டே வீண் வேலை. இங்க 23 லிட்டர் கிட் வாங்கினால் முப்பது போத்தல் வரும். கழுவுறது, கிருமி நீக்குறது, மாத்தி ஊத்துறது எல்லாம் ஆறுக்கும் முப்பதுக்கும் கிட்டத்தட்ட ஒரே பாடுதான். சின்னச் சாடியில இன்னொரு கரைச்சலும் இருக்கு. ருசி பாக்க நாலைஞ்சு தரம் ஒவ்வொரு கிளாஸ் எடுத்தால் ஒரு போத்தல் முடிஞ்சு போகும். அடி மண்டியை விட்டு மாத்தி ஊத்தேக்கை இன்னும் குறையும். குறைஞ்ச இடத்தில காத்து நிண்டு ஒயின் பழுப்பாகும். பெரிய சாடிக்கு அதெல்லாம் உறைக்காது. வீட்டில இடம் இல்லையெண்டால் இங்க ஒன்ராறியோ மாகாணத்தில அதுக்கெண்டே கடை இருக்கு. ஈஸ்டைப் போடுறதும் கடைசியில போத்தலில அடைக்கிறதும் நீங்கள், மிச்சம் கடைக்காரர் பாத்துக்கொள்ளுவார்.

டெமிஜான் தாசன்:
சித்தப்பா, முப்பது பாட்டில் கெட்டுப்போனா யார் குடிக்கிறது? கத்துக்கிறவனுக்கு ஆறு கெட்டா ஆறோட போச்சு. நான் இருக்கிறது ரெண்டு ரூம் ஃப்ளாட். 23 லிட்டர் வாளியைத் தூக்கி மேடையில வைக்கிறதுக்குள்ள இடுப்பு போயிடும்.

சேலத்துக்காரன்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நீங்க வெளிநாட்டுல சட்டப்படி போடறீங்க, சரி. இதைப் படிச்சுட்டு இங்க ஒருத்தன் ஆன்லைன்ல ஈஸ்ட் வாங்கிக் குடத்துல போட்டா? தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு. உரிமம் இல்லாம மது தயாரிக்கிறது குற்றம். ‘வீட்டுக்கு மட்டும்தான்’னு சொன்னா விட மாட்டாங்க. ராஜாஜி முதல்ல மதுவிலக்கு கொண்டுவந்ததே எங்க சேலம் மாவட்டத்துலதான். சட்டத்தை விடுங்க, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க. வீட்டுல காய்ச்சறது விளையாட்டா?

ரசவாதி (பெங்களூரு):
சட்டம் பத்தி நீங்க சொன்னது முழுக்கச் சரி. மெத்தனால் பத்திச் சொன்னது குழப்பம். கள்ளக்குறிச்சியில அது புளிப்புல உண்டானது இல்ல. தொழிற்சாலைக்கான மெத்தனாலைச் சாராயத்துல கலந்தாங்க. பழத்துல இருக்கிற பெக்டின்ங்கிற பசைப்பொருள் உடையும்போது மெத்தனால் வரும், ஆனா கொஞ்சமா. கூடவே எத்தனால், அதாவது குடிக்கிற ஆல்கஹால், பல மடங்கு இருக்கும். இவங்க செய்யறதுல அடுப்பே கிடையாது, புளிக்க வைக்கிறதோட சரி. காய்ச்சி வடிக்கிறது வேற சமாச்சாரம், பிரிட்டன்லயும் உரிமம் இல்லாம அதைச் செய்ய முடியாது.

நிஜ ஆபத்து பாட்டில் வெடிக்கிறது. ஏர்லாக்ல குமிழி நின்னுட்டா புளிப்பு முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. குளிர் விழுந்தாலும் குமிழி நிக்கும். சர்க்கரை மிச்சம் இருக்கும்போது கார்க் அடிச்சு, அறை சூடானா ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். ஹைட்ரோமீட்டர் ஒண்ணு வாங்குங்க. சாறோட அடர்த்தியைக் காட்டற கருவி அது, சர்க்கரை குறையக் குறைய எண்ணும் இறங்கும். ஆரம்பத்துல 1.085 போல காட்டும். முடியும்போது 1.000-க்குக் கீழ, 0.995 பக்கம் வரணும். ரெண்டு மூணு நாள் விட்டுப் பார்த்தும் அதே அளவுல நின்னா முடிஞ்சது. விலை மலிவான பல கிட்ல இந்தக் கருவி இருக்காது. தாசன் அண்ணன் சொன்ன ‘எல்லாம் பெட்டிக்குள்ளயே’ அங்க உதைக்குது.

பன்னீர்திராட்சை:
ஒயின் கெடாம இருக்கப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கிற சல்ஃபைட் பொடியையும் சொல்லுங்க. எங்க ஆச்சி ஒரு பொடியும் போட்டதில்ல.

ரசவாதி:
ஆச்சி ஒயின்ல சீனி நிறைய. பரணியை டிசம்பர்ல திறந்தா ஜனவரியில காலி. இவர் ஆறு மாசம் வைக்கப் போறார். டெமிஜானுக்கு ஒரு கேம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட்டை மாத்திரையாச் செஞ்சது) போட்டா லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கு. கடையில விக்கிற உலர்ந்த ஆப்ரிகாட்ல இதைவிடப் பல மடங்கு உண்டு. ஆஸ்துமா இருக்கிறவங்க யோசிக்கணும், அது நிஜம். புளிக்கிறதை நிறுத்தப் போடற சொர்பேட் பொடி ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருக விடாது. அதைச் சல்ஃபைட் இல்லாமத் தனியாப் போட்டீங்கன்னா லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்னு ஜெரேனியம் இலையைக் கசக்கின மாதிரி ஒரு வாடை கொண்டு வரும். அப்புறம் எது செஞ்சாலும் போகாது. போடறதா இருந்தா ரெண்டையும் போடுங்க, இல்ல ரெண்டையும் விடுங்க.

டெமிஜான் தாசன்:
சேலத்து அண்ணாச்சிக்கு ஒண்ணு. இந்தக் கிட்டுக்கும் மதுவிலக்குக்கும் பழைய உறவு இருக்கு. அமெரிக்காவுல 1920-லிருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு. வீட்டுல பழச்சாறு தயாரிக்க மட்டும் சட்டத்துல ஒரு சந்து இருந்தது. அதுல புகுந்து கலிஃபோர்னியா திராட்சைக்காரங்க 1930 வாக்குல ‘வைன்-க்ளோ’ங்கிற பேர்ல சுண்டின சாறைப் பீப்பாயில போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாங்க. ரெண்டு மாசம் சும்மா வெச்சிருந்தா அது என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும்.

சேலத்துக்காரன்:
அதாவது சட்டத்தை ஏமாத்தப் பொறந்த சாமான்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. நல்லது.

பன்னீர்திராட்சை:
சேலத்தார் அடிச்சது சிக்ஸர்! சரி, தாசன் அண்ணனுக்கு ஒரு யோசனை. அதே கிட்டை வாங்குங்க, சீனியே போடாதீங்க, தண்ணியைக் குறைச்சு ஊத்துங்க. அப்ப வர்றதை ஒயின்னு நானே ஒத்துக்கறேன்.

ரசவாதி:
உங்க கணக்குப்படியே பார்ப்போம். 4.5 லிட்டர்ல மூணரை சதவீதம் தர்ற சாறு, 12 சதவீதம் தரணும்னா மொத்தமே 1.3 லிட்டர்தான் வரும். ரெண்டு பாட்டில்கூடத் தேறாது. பொட்டலங்களையும் அதுக்குத் தக்கபடி குறைக்கணும், இல்லன்னா சல்ஃபைட் மூணு மடங்கு ஏறிடும்.

டெமிஜான் தாசன்:
ஆறு பாட்டில் கிட்ல ரெண்டு பாட்டில். அந்த விலைக்குக் கடையில நல்ல ஒயினே வாங்கலாமே! சீனி கேட்காத கிட்டும் வருது, சாறுப் பையே பெருசா இருக்கும். விலை கூடுதல்தான். அடுத்தது அதைப் போடறேன். ஆனா சின்னதுல ஆரம்பிக்கணும்ங்கிறதை நான் விட்டுக்கொடுக்கல.

ஸ்காபரோ சித்தப்பா:
தம்பி, சாறு கூடின கிட் எண்டால் முதல் கொஞ்ச நாள் நல்லா நுரைச்சுப் பொங்கும். டெமிஜானைக் கழுத்து வரைக்கும் நிரப்பாதையும். மூண்டில இரண்டு பங்கு ஊத்தி, பொங்கல் அடங்கினாப் பிறகு மிச்சத் தண்ணியை விடும். கீழ ஒரு தட்டு வையும். கம்பளத்தில சிவப்பு ஒயின் பட்டால் வீட்டுக்காரன் டெபொசிட்டைத் தரமாட்டான்.

பன்னீர்திராட்சை:
சித்தப்பா, அப்ப முப்பது பாட்டில் வாளி பொங்கினா?

ஸ்காபரோ சித்தப்பா:
அது வாளி பிள்ளை. மேல நிறைய இடம் கிடக்கு. அதுக்குத்தான் சொன்னனான், பெரிசா வாங்குங்கோ எண்டு.